ஆல் பாஸ் பேட்ச் ஆட்களே, உங்கள் பெஞ்ச் ஃப்ரெண்டு இப்போது எங்கே?

#1 மூணாவது பெஞ்ச்

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தேன். எதிரே இருந்தவர் சர்டிஃபிகேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, "2020 டென்த்தா? ஓ, ஆல் பாஸ்!" என்று பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன ஜோக்தான்.

ஆனால் திரும்பி வரும்போது ட்ரெயினில் எனக்கு ஓடியது மார்க் பற்றி இல்லை. எங்கள் பேட்ச்சைப் பற்றி யார் பேசினாலும் படிப்பு போச்சு, மார்க் போச்சு, கணக்கு வராமல் போச்சு என்றுதான் பேசுகிறார்கள். எனக்குப் போனது ஒரு ஆள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரே பெஞ்ச். 2020 மார்ச்சில் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கொடுத்தார்கள், அவனுக்கு என்னைவிட நாலு மார்க் அதிகம். "என்னைப் பாத்துதானே எழுதுன" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். உண்மையில் ஒரு கேள்விக்கு நான்தான் அவனைப் பார்த்து எழுதியிருந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான், அதில் என் ஜியாமெட்ரி பாக்ஸும் இருந்தது. எங்கள் சண்டைக்கெல்லாம் ஆயுள் மூன்று நாள். நாலாவது நாள் யாராவது ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்து தள்ளிவைப்பான், முடிந்தது. அந்த நாலாவது நாள்தான் வரவில்லை. பள்ளியை மூடிவிட்டார்கள்.

சரி, பரீட்சை ஹாலில் பார்ப்போம் என்று இருந்தேன். மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை ஏப்ரலுக்குப் போனது, அப்புறம் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு "சாரிடா" தயார் செய்து வைத்திருந்தேன், சிரிக்காதீர்கள், கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன். ஜூன் 9 அன்று தேர்வே ரத்து என்று டிவியில் ஓடியதும் வீட்டில் குதித்தேன். குதித்து முடித்து உட்கார்ந்த பிறகுதான் இனி அவனைப் பார்க்க ஒரு காரணமும் இல்லை என்று உறைத்தது.

அவன் அப்பா கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். மே 5 அன்று மார்க்கெட்டை மூடினார்கள் இல்லையா, அந்த வாரமே செய்யாறு பக்கம் ஊருக்குப் போய்விட்டார்களாம். இதை நாலு மாதம் கழித்து வேறொருவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். என்னிடம் இருந்தது அவன் அப்பாவின் நம்பர். அதில் என்னவென்று மெசேஜ் போடுவது?

உங்களுக்கும் இப்படி யாராவது இருக்கிறார்களா? சும்மா கேட்டு வைக்கிறேன்.

#2 சும்மா ஒருத்தன்

தம்பி, வருத்தம் புரிகிறது, ஆனால் எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டாதே. டென்த் முடிந்தால் ஒருவன் சயின்ஸ் குரூப், ஒருவன் காமர்ஸ், ஒருவன் ஐடிஐ, ஒருவன் பாலிடெக்னிக். என் பெஞ்ச் ஃப்ரெண்டு எங்கே என்று எனக்கும் தெரியாது, எங்கள் காலத்தில் கொரோனாவும் இல்லை. சென்னைப் பிள்ளைகள் 2015 வெள்ளத்தையே பார்த்தவர்கள். அப்போது அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது, யாரும் ஐந்து வருஷம் கழித்து உட்கார்ந்து அழவில்லை.

#3 29சி ஜன்னல் சீட்டு

வெள்ளத்தோடு இதைச் சேர்க்காதீர்கள் அண்ணா. வெள்ளத்தில் எங்கள் தெருவே ஒரே மொட்டை மாடியில் படுத்திருந்தது, அதுவரை பேசாத பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குப் பால் பவுடர் கொடுத்தார். கொரோனாவில் அதே பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் ஒருவர் இருமினால் ஜன்னலைச் சாத்தினார். வெள்ளம் ஆட்களைச் சேர்த்தது, இது பிரித்தது.

என் கதை: நான் ஒன்பதாவது, பத்தாவது இரண்டுமே ஆல் பாஸ். எங்கள் வீட்டில் ஸ்மார்ட் ஃபோன் ஒன்றே ஒன்று. அப்பா வேன் ஓட்டுகிறவர், பகலில் ஃபோன் அவரோடு போய்விடும். இரவு எட்டரைக்கு என் கைக்கு வரும்போது கிளாஸ் குரூப்பில் முந்நூறு, நானூறு மெசேஜ் கிடக்கும். அதில் ஹோம்வொர்க்கைத் தேடி எடுப்பதற்குள் தம்பி பிடுங்கிக்கொள்வான். எல்லோரும் காலையில் சிரித்து முடித்த ஜோக்குக்கு நான் ராத்திரி ஒன்பது மணிக்குச் சிரித்துக்கொண்டிருப்பேன், ஆறிப்போன பஜ்ஜி மாதிரி. பதில் போட்டால் "இவ இப்பதான் எந்திரிச்சா போல" என்று ஒருத்தி போடுவாள். பதில் போடாவிட்டால் திமிர். இரண்டு மாதத்தில் நான் திமிர் பிடித்தவள் என்று முடிவாகிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் சொன்னது இது.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஒரு நாள் மாலை எங்கள் கிளாஸ் பையன் ஒருவன் "சாப்டியா?" என்று தனியாக மெசேஜ் அனுப்பிவிட்டான். அவன் எல்லோருக்கும் அப்படித்தான் அனுப்புவான், அந்தப் பையனுக்கு வேறு பேச்சே தெரியாது. ஆனால் அதை முதலில் படித்தது என் அப்பா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டிருக்கிறார். அன்று இரவே என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் எனக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சி மட்டும்தான். பள்ளி நடந்திருந்தால் அதே பையன் அதே "சாப்டியா"வை லஞ்ச் பெல்லில் கேட்டிருப்பான், நான் "ம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

#4 சும்மா ஒருத்தன்

அந்த "சாப்டியா" பையன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

#5 வாயில்லாப்பூச்சி

எதிர்ப்பாட்டு பாடுகிறேன், அடிக்க வராதீர்கள். எனக்கு அந்த ஒன்றரை வருஷம்தான் பள்ளிக்கூட வாழ்க்கையிலேயே நல்ல காலம்.

எனக்குக் கொஞ்சம் திக்கும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் பின்னாலிருந்து என்னை மாதிரியே யாராவது திக்கிக் காட்டுவார்கள். பஸ்ஸில் தலையில் தட்டுவார்கள், தட்டியவன் யார் என்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூகுள் மீட்டில் பின்னாலிருந்து தட்ட முடியாது. பதிலைச் சாட்டில் டைப் செய்தால் போதும். ஏழு வருஷம் என் பெயரே தெரியாத ஒரு சார், "இந்தப் பையன் நல்லா சொல்றானே, யாருப்பா அது?" என்று கேட்டார். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் வைத்திருக்கிறேன்.

2021 செப்டம்பர் 1 ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தபோது ஊரே பள்ளி திறந்ததைக் கொண்டாடியது. எனக்குக் காலையிலேயே வாந்தி. அம்மா கொரோனா என்று பயந்து டெஸ்ட் எடுக்கக் கூட்டிப்போனாள். நெகட்டிவ். அடுத்த நாளும் வாந்தி.

ஆனாலும் மூணாவது பெஞ்ச் சொல்வதில் ஒரு விஷயம் சரி. ஊரடங்கில் ஆன்லைனில் செஸ் ஆடி எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான், நம் ஊர்தான், கொளத்தூர். தினம் ராத்திரி மூன்று ஆட்டம், நடுவில் ஊர்க்கதை எல்லாம் டைப் செய்வோம். 2020 டிசம்பரில் மெரினாவைத் திறந்ததும் நேரில் பார்க்க முடிவு செய்தோம். போனோம். மணலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பேச ஒன்றுமே வரவில்லை. எனக்குத் திக்கல் பயம், அவனுக்கு என்ன பயமோ தெரியாது. பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் ஃபோனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் செஸ் ஆடினோம். அவன் ஜெயித்தான். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

#6 மூணாவது பெஞ்ச்

@வாயில்லாப்பூச்சி சிரிப்பும் வருகிறது, என்னவோ மாதிரியும் இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் ஒருவனை இப்படித் தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன்.

#7 கணக்கு டீச்சர்

நான் வடசென்னையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் பேசும் இடத்தில் குறுக்கே வரக்கூடாது என்று படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததையும் யாராவது சொல்ல வேண்டும்.

2021 ஜனவரி 19 பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் திறந்தோம். ஒரு அறைக்கு 25 பேர், வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதம், வந்ததும் விட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை. வருகைப்பதிவு எடுக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. நான் பெயர் கூப்பிடக் கூப்பிட, "உள்ளேன் மிஸ்" என்று எங்கிருந்தோ ஆம்பளைக் குரல்கள் வருகின்றன. மார்ச்சில் கீச்சுக் குரலோடு அனுப்பிய பையன்கள். நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் பாதி துணி. சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றியபோதுதான் யார் யாருக்கு மீசை வந்திருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார்கள். அந்தப் பத்து மாதம் கூட இருந்திருந்தால் தினம் தினம் கிண்டல் செய்து பழகிப் போயிருக்கும். ஒரே நாளில் பார்த்ததால் யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தண்ணீர்க் குழாய் பக்கம் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தோம், இடைவெளி விட்டு நிற்க. கோடு போட்டால் அதைத் தாண்டுவதற்கென்றே பிறந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். யாரும் சொல்லாமலே வட்டத்துக்குள் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

செப்டம்பரில் எல்லாம் தலைகீழ். சத்தத்துக்குக் குறைவே இல்லை, சண்டையும் வந்தது, அந்தச் சண்டை எனக்குப் புதிதாக இருந்தது. முன்னெல்லாம் பையன்கள் சட்டையைப் பிடிப்பார்கள், இன்டர்வெல் முடிவதற்குள் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது ஒரு சின்ன இடி, உடனே மூக்கில் ரத்தம், அதற்குப் பிறகு இரண்டு வாரம் பேச்சில்லை. ஒரு பெண், ஆறு மாதத்துக்கு முன்னால் தோழி குரூப்பில் போட்ட ஒரு வரியைத் தாளில் எழுதி மடித்து வைத்திருந்தாள், அதை என்னிடம் நீட்டி, "பாருங்க மிஸ், என்ன எழுதியிருக்கா" என்றாள். நேரில் சொல்லியிருந்தால் அது அன்று சாயங்காலமே காற்றில் போயிருக்கும். ஃபோனில் எழுதியதால் அப்படியே நிற்கிறது. இவர்களுக்குச் சண்டை போடத் தெரியாமல் இல்லை. முடிக்கத் தெரியவில்லை. அதை எந்தப் பாடத்திலும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை, அதுவாக வந்துகொண்டிருந்த ஒன்று என்பதால்.

குறைத்த பாடத்திட்டத்தில் கூட்டல் கழித்தல் செய்து கணக்கை எப்படியோ பிடித்துவிட்டோம். சின்ன வகுப்புகளுக்கு இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்கள் வந்தார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று படித்த பிள்ளைகளின் இந்த இன்னொரு பாக்கியை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஒரு திருத்தம், சும்மா ஒருத்தன் அவர்களே: பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிரிவது எப்போதும் உண்டுதான். ஆனால் பிரியப்போகிறோம் என்று தெரிந்து பிரிவார்கள்.

#8 இங்க் படாத சட்டை

டீச்சர் கடைசியில் சொன்ன வரிக்கு நான்தான் சாட்சி. நான் 2020 பிளஸ் டூ. மார்ச் 24 கடைசிப் பரீட்சை. கடைசி நாள் என்றால் என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்க் பேனாவை உதறி சட்டையெல்லாம் நீலமாக்கி, முதுகில் எல்லோரும் பெயர் எழுதி, பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தி, டிரைவரிடம் திட்டு வாங்கி. அதற்கென்றே இரண்டு பாட்டில் இங்க் வாங்கி வைத்திருந்தோம். ஆனால் அன்று சாயங்காலம் 6 மணிக்கு 144. வெளியே வந்ததும் பஸ் கிடைக்காது என்று எல்லோரும் ஓடினார்கள். என் அண்ணன் கேட்டில் பைக்கோடு நின்றிருந்தான், ஏறிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நாடு முழுக்க 21 நாள் என்றார் பிரதமர். பரவாயில்லை, 21 நாள் கழித்து அடிக்கலாம் என்று குரூப்பில் போட்டேன். 16 பேர் கட்டை விரல் போட்டார்கள்.

அந்தச் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. அம்மா அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள்.

#9 புதுப்பேட்டை ஸ்பேனர்

எல்லோரும் திரும்பிப் போனவர்கள் பேசுகிறீர்கள். நான் போகவில்லை.

அப்பா ஆட்டோ. சவாரியே இல்லாத மாதங்களிலும் டியூ கட்டச் சொல்லி ஃபோன் வந்துகொண்டே இருந்தது. ஆகஸ்டில் மாமா என்னைப் புதுப்பேட்டையில் ஒரு ஸ்பேர் கடையில் சேர்த்துவிட்டார். பள்ளி திறக்கிறவரைக்கும்தான் என்று பேச்சு. ஜனவரியில் கிளாஸ் மிஸ் ஃபோன் செய்து கூப்பிட்டார்கள், இரண்டு நாள் போனேன். நகத்தில் கிரீஸ் போகவே இல்லை, கையை மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் கடைக்குப் போய்விட்டேன். அந்த வருஷம் பத்தாவதும் ஆல் பாஸ்தானே, நான் ஷாக் அப்சார்பர் கழற்றிக்கொண்டிருக்கும்போது பாஸானேன். கடையில் டீ வாங்கித் தந்தார்கள்.

ஃப்ரெண்டு கதையா? 2021 கடைசியில் என் கிளாஸ் பையன் அவன் அப்பாவோடு வண்டிக்கு சைடு மிரர் வாங்க வந்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். அதனால் அடையாளம் தெரியவில்லை என்று இரண்டு பேருமே நடித்தோம். "எவ்ளோண்ணா?" என்று கேட்டான். என்னைவிட அவன் மூன்று மாதம் பெரியவன்.

இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். ஓனர் திட்டினார்.

#10 சும்மா ஒருத்தன்

சரி. நான் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறேன்.

#11 மாம்பலம் அம்மா

பையன்கள், பெண்கள் எல்லோரும் வெளியே என்ன இழந்தார்கள் என்று எழுதுகிறீர்கள். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஒரு அம்மாவாகச் சொல்கிறேன்.

எங்களுடையது மேற்கு மாம்பலத்தில் ஒரு பெட்ரூம் வீடு. அவர் ஹாலில் ஆபீஸ், நான் அடுக்களையில் ஆபீஸ், பையன் பெட்ரூமில் ஒன்பதாம் வகுப்பு. பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் தெரியாத ஒரு உலகம் வேண்டும், பெற்றோருக்கும் பிள்ளை கேட்காத ஒரு நேரம் வேண்டும், இரண்டும் அந்த வீட்டில் இல்லை. அவருக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அதைப் பற்றி நாங்கள் குசுகுசுவென்று போட்ட சண்டை எல்லாம் அவனுக்கு ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் வந்து, "ஹிந்தி டியூஷன் வேண்டாம்மா, போர் அடிக்குது" என்றான். நானும் நம்பினேன். பிறகு பிறந்த நாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, தீபாவளிக்கும் கேட்கவில்லை. வழக்கமாக இதையெல்லாம் ஃப்ரெண்டிடம் போய்ப் புலம்பித் தீர்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு விஷயத்தை எங்கள் முன்னாலேயே ஃபோனில் யாரிடம் புலம்புவான்?

ஆனால் இந்த மொட்டை மாடி என்று ஒன்று இருக்கிறதே. அவன் திடீரென்று துணி காயப்போட நான் போகிறேன் என்று தினமும் வாளியைத் தூக்க ஆரம்பித்தான். எனக்குச் சந்தேகம். காதலோ, சிகரெட்டோ என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பக்கத்து ஃப்ளாட் மாடியில் அவன் வயதில் ஒரு பையன். பத்து வருஷமாக அடுத்தடுத்த கட்டடம், ஒரு நாள் பேசியதில்லை, வேறு வேறு பள்ளி, வேறு வேறு வேன். நடுவில் நாலடி சந்து. கொடிக்கயிற்றில் ஒரு சின்ன பெயிண்ட் வாளியைக் கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கிறார்கள். உள்ளே ஒரு கதைப் புத்தகம், மேலே என் வீட்டு முறுக்கு. முறுக்கு எப்படிக் காலியாகிறது என்று அன்றுதான் தெரிந்தது. சத்தம் போடாமல் கீழே வந்துவிட்டேன்.

அடுத்த முறை கொஞ்சம் அதிகமாகச் சுட்டேன்.

#12 29சி ஜன்னல் சீட்டு

@மாம்பலம் அம்மா எங்கள் வீட்டில் மாடிக்கு நான் போனால் கூடவே தம்பி வருவான், கண்காணிக்க. மொட்டை மாடியும் பையன்களுக்குத்தான். அவன் பப்ஜி ஆடலாம், 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தபோது இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான், வீடே அவனைத் தேற்றியது. எனக்கு மூன்று மாதம் குரூப் இல்லாதபோது யாரும் கவனிக்கவே இல்லை. நல்ல பெண், ஃபோனே தொடுவதில்லை என்று உறவினர்களிடம் பெருமை வேறு.

#13 ராயபுரம்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2021 மே. இரண்டாவது அலை. ஜிஎச் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த வரிசையில் ஒன்றில் என் அப்பா இருந்தார். நான் அப்போது பிளஸ் ஒன். அப்பா போய்விட்டார். வீட்டு வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர். துக்கம் கேட்க யாரும் வரவில்லை, வர முடியாது, தெரியும். எங்கள் பக்கம் சாவு என்றால் பந்தல், பறை, நாற்காலி, டீ என்று தெருவே அடைத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் அழுகையும் கரைந்துவிடும். அன்று மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

கிளாஸ் குரூப்பில் யாரோ தகவல் போட்டிருக்கிறார்கள். வரிசையாக ஆர்ஐபி, ஆர்ஐபி, ஆர்ஐபி. முப்பது பேருக்கு மேல். கோபம் இல்லை, பதினாறு வயதில் வேறு என்ன எழுதுவார்கள்? எனக்கே என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கும்பிடும் கை ஒன்றைப் போட்டேன்.

மறுநாள் நாலு மணி இருக்கும். எதிர் வாடையில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், என் கிளாஸ் பையன் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழு ஊரடங்கு, எப்படி வந்தான் தெரியாது. நெருக்கமான ஃப்ரெண்டு கூட இல்லை, எனக்கு முன் பெஞ்ச், அவ்வளவுதான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் கை அசைக்கவில்லை, நானும் அசைக்கவில்லை. ஒரு பத்து நிமிஷம் நின்றான். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் ஏறிப் போய்விட்டான். அடுத்த நாளும் வந்தான். நாலு நாள் வந்தான்.

அரசு கொடுத்த 3 லட்சம் அம்மா கைக்கு வந்து சேர்ந்தது, அது வேறு கதை. அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான், மாதம் ஒரு முறையாவது பேசிக்கொள்கிறோம், கிரிக்கெட், வண்டி, சம்பளம் எல்லாம் பேசுவோம். அந்த நாலு நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

#14 வாயில்லாப்பூச்சி

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை ராயபுரம். படித்தேன்.

#15 கணக்கு டீச்சர்

நானும்.

#16 மூணாவது பெஞ்ச்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் சண்டையைத் தொடங்கி வைத்துவிட்டு உங்களையெல்லாம் கிளறிவிட்ட மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.

என் பக்கத்தில் மிச்சக் கதை பெரிதாக இல்லை. 2021 பிப்ரவரி 8 பிளஸ் ஒன் திறந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அவன் இடத்தில் வேறு பள்ளியிலிருந்து வந்த ஒருவன் உட்கார்ந்தான். பிப்ரவரி 25 அன்று எங்களுக்கும் ஆல் பாஸ் என்றார்கள், மார்ச் 22 மறுபடி மூடினார்கள். ஆறு வாரம். பிளஸ் ஒன்னுக்கென்று தைத்த பேண்ட் அடுத்த செப்டம்பரில் கணுக்காலுக்கு மேலே நின்றது. நவம்பரில் மழைக்கு லீவு, ஜனவரியில் ஒமிக்ரானுக்கு லீவு. நான் எழுதிய முதல் பொதுத்தேர்வே 2022 மே மாதம் பிளஸ் டூ. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போனது. புது பெஞ்ச்காரன் நல்லவன்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் அவனோடு ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. சண்டை வருகிற மாதிரி இருந்தால் நானே விலகிவிடுவேன்.

#17 சும்மா ஒருத்தன்

முதல் பதிவில் நான் சொன்னதை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. நட்புகள் போகத்தான் செய்யும். ஆனால் ஒரு கேள்வி தம்பி. அந்த அப்பா நம்பர் இன்னும் இருக்கிறதா?

#18 மூணாவது பெஞ்ச்

இருக்கிறது. மூன்று ஃபோன் மாறிவிட்டேன், காண்டாக்ட் கூடவே வருகிறது.

#19 சும்மா ஒருத்தன்

அப்புறம் இங்கே எங்களிடம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறாய்?

#20 29சி ஜன்னல் சீட்டு

அண்ணா சொல்வதுதான் சரி. முதலில் "சாப்டியா" என்று கேளுங்கள். 😄

#21 புதுப்பேட்டை ஸ்பேனர்

போடு ப்ரோ. எடுக்காவிட்டால் எடுக்கவில்லை. அந்த மிரர் வாங்கிய பையன் என்னைக் கூப்பிட்டால் நான் எடுப்பேன்.

#22 மூணாவது பெஞ்ச்

போட்டேன். இப்போதுதான்.

ரிங் போனது. ஒரு சின்னப் பெண் எடுத்தாள். யார் என்றாள். அவன் பெயரைச் சொல்லி, அவனோடு சென்னையில் படித்தவன் என்றேன். "எந்த அண்ணா?" என்றாள். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம், "ஜாமெட்ரி பாக்ஸ் அண்ணாவா?" என்றாள்.

அவன் தங்கச்சி. நான் பார்க்கும்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பாக்ஸ் இப்போது அவளிடம்தான் இருக்கிறதாம், மூடிக்குள் ஒட்டிய லேபிளில் என் பெயர் இன்னும் இருக்கிறதாம், கிழிக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறானாம். காம்பஸ் மட்டும் தொலைந்துவிட்டது, வேறு வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். அண்ணன் சிப்காட்டில் வேலைக்குப் போகிறான், ஏழு மணிக்குத்தான் வருவான், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள்.

மணி இப்போது 5:40.

#23 சும்மா ஒருத்தன்

7:05க்கு வந்து அப்டேட் போடு. நான் சாப்பிடப் போகவில்லை.